நீட்டிய கரமும் நெஞ்சின் கணக்கும்

திண்டுக்கல் நகரின் நடுவே வெயிலில் வெந்து நிற்கிறது ஒரு பாறை. ஊருக்குப் பெயர் தந்த பாறை. அதன் உச்சியில் கோட்டை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர், "இது நாயக்கர் கட்டியது, இது ஐதர் அலி வலுப்படுத்தியது, இது வெள்ளையன் பிடித்தது" என்று சொல்லிக்கொடுப்பார். கட்டியவர் பெயர் பாடத்தில் உண்டு; இடித்தவர் பெயரும் உண்டு. உதவியவர் யார், எதற்காக உதவினார் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே இடமில்லை. தோழர்காள், அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

1755-ஆம் ஆண்டு மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்து சேர்ந்தார் ஐதர் அலி. ஏடு பயிலாதவர். ஆயினும் ஐரோப்பியன் படை ஏன் வெல்கிறது என்பதை, ஏடு பயின்ற மன்னர் பலரைக் காட்டிலும் முன்னதாகக் கண்டுகொண்டவர். பிரெஞ்சுப் பொறியாளரின் துணைகொண்டு இங்கே ஒரு படைக்கலச் சாலையை அமைத்தார். பிரெஞ்சுக்காரர் ஏன் வந்தனர்? ஐதரிடம் காதலா? மைசூர் மக்கள்மீது கருணையா? தென்னாட்டில் ஆங்கிலக் கம்பெனியோடு மோதி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது பிரெஞ்சுக் கம்பெனி. ஆங்கிலேயனுக்குத் தலைவலி தரக்கூடிய எவரும் அவர்களுக்கு வேண்டியவர். ஐதருக்கும் இது தெரியும். தெரிந்தே பெற்றார். பெற்றதைத் தம் காரியத்துக்கு ஆக்கிக்கொண்டார். ஆறே ஆண்டுகளில், 1761-ல், மைசூரின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. உதவி பெற்றவர், உதவி தருபவராக மாறும் காட்சியும் இதே சமவெளியில்தான் நடந்தது.

1772 ஜூன் 25. காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர், கம்பெனிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் கூடித் தாக்கியதில் மாண்டார். அரசி வேலு நாச்சியார், மகளோடு தப்பித் திண்டுக்கல் பக்கம் வந்தார். விருப்பாட்சிப் பாளையத்துக் கோபால் நாயக்கர் புகலிடம் தந்தார். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதருக்குக் கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரை வீரர், ஐயாயிரம் காலாட்கள் வேண்டும் என்பது கோரிக்கை. கோரியவர் கண்ணீரை மட்டும் காட்டவில்லை, எண்ணிக்கையைக் காட்டினார். கவனியுங்கள், அது ஒரு நல்ல வழக்கம்.

நாச்சியார் சிவகங்கையை மீட்டது எப்போது? 1780-ல். கடிதத்துக்கும் வெற்றிக்கும் இடையே எட்டு ஆண்டுகள்! 1772-ல் இருந்த அநீதி 1780-ல் பெரிதாகிவிடவில்லை. விதவைக் கோலமும் புதிதல்ல. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. 1780-ல் ஐதரே ஆங்கிலேயர்மீது பெரும்போர் தொடுத்தார். நவாபின் சீமையெங்கும் நெருப்பு மூண்டால் அவருக்கு ஆதாயம். நாச்சியாரின் தேவை எட்டு ஆண்டுகள் காத்திருந்தது. ஐதரின் தேவை வந்ததும் காரியம் கைகூடிற்று.

அப்படியானால் ஐதரின் உதவி பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டு ஆண்டுகள் ஓர் அரசியைப் பாதுகாப்பாக வாழவிட்டது சிறு செயலல்ல. சிவகங்கை மீண்டதும் மெய். கொடுத்தவர் நெஞ்சில் ஒரு கணக்கு இருந்தது. பெற்றவர் நெஞ்சிலும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டும் ஒருநாள் ஒத்துப்போயின. வரலாறு அவ்வளவுதான் சொல்கிறது. அதற்குமேல் 'கருணை', 'தெய்வச் செயல்' என்றெல்லாம் பூச்சூட்டுவது நம் வழக்கம்.

பூச்சூட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 'தானம்' என்ற சொல்லிலிருந்து. தானம் கொடுப்பவனுக்குப் புண்ணியம், மறுமைப் பேறு, கல்வெட்டில் பெயர். பெறுபவன் குனிந்து வாங்க வேண்டும், கேள்வி கேட்கலாகாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியே செய்து வைத்துவிட்டார்கள்! கொடுத்தவனுக்கு இவ்வளவு வரவு இருக்கும்போது, பெற்றவன் மாட்டின் வயதைக் கூடப் பார்க்கக்கூடாதாம். பார்க்கத்தான் வேண்டும். கிழமாடானால் தீனி போடுவது பெற்றவனல்லவா?

நாடுகளுக்கிடையே நடக்கும் உதவிக்கும் இதே பூச்சு பூசப்படுகிறது. வெள்ளை நாடு கறுப்பு நாட்டுக்குக் கொடுத்தால், "ஆதிக்கத்தின் மறுவடிவம்" என்று உடனே கண்டுகொள்கிறோம். நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த நாடு, இன்று கொஞ்சம் தலைநிமிர்ந்து, தன்னிலும் ஏழையான நாட்டுக்குக் கொடுத்தால் மட்டும் நம் சந்தேகம் உறங்கிவிடுகிறது. "நம்மவர் நம்மவர்க்குச் செய்வது, இதில் என்ன சூது?" என்கிறோம். இந்தியாவும் சீனாவும் அண்டை நாடுகளுக்குத் தரும் கடனும் கொடையும் அந்த வகை. இதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் உரைகல் இலங்கை. அங்கே கொடுப்பவர் இருவர். பெறுவோரில் பலர் நம் இரத்தம்.

கொரியப் போர்க்காலத்தில் ஏறிய ரப்பர் விலை 1952-ல் சரிந்தது. உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. கொழும்பில் ஆட்சி செய்தவர்களோ பொதுவுடைமை என்றாலே முகம் சுளிப்பவர்கள். ஆனாலும் வயிறு கட்சி பார்க்குமா? அந்த ஆண்டு இறுதியில் செஞ்சீனத்தோடு ஐந்தாண்டு உடன்பாடு செய்தார்கள். ஆண்டுதோறும் சீனம் 2,70,000 டன் அரிசி தரும். இலங்கை 50,000 டன் ரப்பர் தரும். ரப்பருக்குச் சந்தையைவிட நல்ல விலை. சீனத்துக்கு எந்த நாடும் ரப்பர் விற்கக்கூடாது என்று அமெரிக்கா தடுத்து நின்ற நேரம் அது. ஆகவே சீனத்துக்கு ரப்பர் வேண்டும்; இலங்கைக்குச் சோறு வேண்டும். யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. அமெரிக்கா சினந்து உதவியை மறுத்ததே தவிர, இலங்கை மக்கள் உண்டார்கள். இருபுறத் தேவையும் ஒளிவின்றி மேசைமீது வைக்கப்பட்ட அந்த உடன்பாட்டை நான் மதிக்கிறேன்.

இனி 1964-க்கு வருவோம். இந்த ஓர் ஆண்டை மட்டும் கூர்ந்து பார்த்தால் போதும். உதவி என்னும் நாடகத்தின் எல்லா வேடங்களும் மேடையேறியிருக்கும்.

அவ்வாண்டு ஜனவரியில் ஆப்பிரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்த சீனப் பிரதமர் சௌ என்லாய், கானாவில் எட்டுக் கொள்கைகளை அறிவித்தார். உதவி ஒருவர் மற்றவர்க்கு இடும் பிச்சையன்று, இருவர்க்கும் நன்மை. வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ கடன். உதவ வரும் சீன நிபுணன், உள்ளூர் நிபுணன் உண்பதையே உண்டு, அவன் இருக்கும் நிலையிலேயே இருப்பான். படிக்கப் படிக்க இனிக்கும் சொற்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் இமயத்தில் இந்தியாவோடு போர் நடந்திருந்தது. மாஸ்கோவோடும் மனமுறிவு. உலக அரங்கில் ஆதரவுக் கைகள் தேவைப்பட்ட நேரம். பிப்ரவரி கடைசியில் அவர் கொழும்பிலும் வந்து இறங்கினார்.

செப்டம்பர் 15-ல் இந்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு இசைவு தந்தது. இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் என்று பெயர். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அலுவலரை அழைத்துப் பயிற்சி தருவது. நம் நிபுணரை அங்கே அனுப்புவது. நல்ல திட்டம், 160-க்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது வளர்ந்திருக்கிறது. ஆயினும் ஏன் 1964? சீனம் ஜனவரியில் கடை விரித்தது. நாம் செப்டம்பரில் விரித்தோம். நேபாளத்தில் முன்பே இந்தப் போட்டி கண்கூடு. 1950-களில் தெற்கிலிருந்து காத்மாண்டுக்கு இந்தியப் படைப் பொறியாளர் சாலை போட்டனர். 1960-களில் வடக்கிலிருந்து காத்மாண்டுக்குச் சீனம் சாலை போட்டது. நேபாள உழவனுக்கு இரண்டு சாலை கிடைத்தது. போட்டியால் வந்த நன்மை என்று அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கும் அவ்வாண்டு ஒரு பங்கு கிடைத்தது. திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில், அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன், கிராம நலவாழ்வுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குமான நிறுவனம் 1964-ல் எழுந்தது. ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் ஏற்கனவே முன்னோடி நலப்பணி நடந்து வந்தது. ஆசியாவின் மக்கள்தொகை பெருகினால் பசி பெருகும், பசி பெருகினால் செங்கொடி பெருகும் என்பது அன்றைய அமெரிக்க அச்சம். அச்சத்தில் பிறந்த பணம்தான். ஆனாலும் ஆறாவது பிள்ளைப்பேற்றில் சாகவிருந்த தாய்க்கு அந்த அச்சத்தால் நன்மை உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைப் பாவம் என்று வைதிகர் வசைபாடிய காலத்தில் அந்தச் செவிலியர் வாசல் வாசலாக நடந்தார்கள். இங்கே வாழ்ந்தவர்தம் ஒப்புதலைக் கேட்டுச் செய்யவேண்டிய பணி அது. கேட்கும் இடமும் இருந்தது.

கேட்கும் இடமே இல்லாமல் நடந்த ஒன்று அக்டோபரில் அரங்கேறியது.

மதுரை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து, பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் பண்ணைக் கடனாலும் துரத்தப்பட்டுக் கண்டிச் சீமைக்குப் போன மக்களை நாம் அறிவோம். காட்டை வெட்டினர்; காப்பி நட்டனர்; தேயிலை பறித்தனர். 1948-ல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. ஆண்டுகள் கழிந்தன. 1964 அக்டோபர் 30. டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. பிறகு பார்த்தார்கள்: 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்!

ஆடு மாடு பிரிக்கும்போதுகூட, கன்று எந்தப் பசுவுடையது என்று கேட்பார்கள். இங்கே மனிதரை எண்ணிக்கையால் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளரையோ அவர்தம் சங்கங்களையோ அந்த மேசையில் அமர வைக்கவில்லை. காரணம் என்ன? சீனப்போரில் அடிபட்ட இந்தியாவுக்கு, தெற்கே ஒரு நட்பு நாடு தேவைப்பட்டது. இலங்கையோ 1963-ல் சீனத்தோடு கப்பல் உடன்பாடு செய்திருந்தது. கொழும்பின் மனத்தைக் குளிர்விக்க டெல்லி ஒரு விலை கொடுக்க எண்ணிற்று. பெரிய நாடு சிறிய நாட்டுக்குப் பெருந்தன்மை காட்டியது என்று அன்று புகழ்ந்தோரும் உண்டு. பெருந்தன்மைக்கு ஆன செலவு டெல்லியின் கஜானாவிலிருந்து போகவில்லை. தேயிலைச் செடிக்கடியில் பிறந்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்த மக்களின் வாழ்விலிருந்து போயிற்று. இது என் தீர்ப்பு. மாற்றிச் சொல்ல விரும்புவோர், கையெழுத்திடும் முன் அந்த மக்களிடம் யார் கேட்டார் என்பதை முதலில் காட்டட்டும்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் சென்றார்கள். மறுவாழ்வுக் கடன் என்று தாளில் இருந்தது பலர் கையில் வந்து சேரவில்லை, வந்ததும் நிலைக்கவில்லை. கொடைக்கானல் மலைக்காடுகளில் வாட்டில் மரப்பட்டை உரிக்கும் வேலையில், முன்பணம் தந்த ஒப்பந்தக்காரனுக்குக் கொத்தடிமைகளாகத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் கிடந்தது 1980-களில் வெளிச்சத்துக்கு வந்தது. வாட்டில் பட்டை எதற்கு? தோல் பதனிட. தோல் தொழிலால் பேர்பெற்ற திண்டுக்கல் வாசகர்க்கு அதை விளக்கத் தேவையில்லை. இரு நாட்டு நட்புறவின் சாறு பிழியப்பட்ட இடம், 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் என்று பெயர் பெற்ற நம் மண்ணின் மலைமுகடு.

இனி, இக்காலத்து உதவி எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஏனெனில் இன்று கருணையின் மொழி கடன்பத்திரத்தில் எழுதப்படுகிறது. இந்தியா ஏழை நாட்டுக்கு ஏற்றுமதி - இறக்குமதி வங்கி வழியாகக் கடன் வரம்பு ஒன்றைத் திறந்துவிடுகிறது. வட்டி குறைவு, தவணை நீளம். நன்று. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கும் பொருளிலும் பணியிலும் பொதுவாக 75 விழுக்காடு இந்தியாவிலிருந்தே வரவேண்டும் என்பது விதி. பணம் கடல் தாண்டாமலே இந்திய நிறுவனத்தின் பெட்டியில் விழுகிறது. கடன் மட்டும் கடல் தாண்டுகிறது! இலங்கையின் வடபகுதி இருப்புப்பாதை அப்படித்தான் மீண்டது. இந்திய அரசின் இர்கான் நிறுவனம் தண்டவாளம் போட்டது. போரில் அறுந்த யாழ்தேவி 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்துக்கு ஒப்பந்தம், டெல்லிக்குச் செல்வாக்கு, யாழ்ப்பாணத்து மூதாட்டிக்கு ரயில். மூன்றில் எது நோக்கம், எது விளைவு என்று கேட்டால், மூதாட்டி சிரிப்பாள். ரயில் ஓடுகிறதல்லவா என்பாள். அவள் சொல்வதிலும் நியாயமுண்டு. பூட்டானில் சுக்கா நீர்மின் நிலையத்தை இந்தியா 60 விழுக்காடு கொடையாகவும் 40 விழுக்காடு கடனாகவும் கட்டித் தந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. அதை விற்ற காசு பூட்டானின் கருவூலத்தை நிரப்பிற்று. கணக்கு வெளிப்படையாக இருந்தால் இரு தரப்பும் வாழலாம்.

வெளிப்படையாக இல்லாவிட்டால்? அம்பாந்தோட்டையைப் பாருங்கள். சீன ஏற்றுமதி - இறக்குமதி வங்கி 30.7 கோடி டாலர் கடன் தந்தது, வட்டி 6.3 விழுக்காடு. சலுகைக் கடன் என்று சொல்லத்தக்க வட்டியா இது? எட்டுக் கொள்கைகள் எங்கே போயின? 2010 நவம்பரில் துறைமுகம் திறந்தது, கப்பல்கள் திரளவில்லை. 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் போயிற்று. இதை வைத்து, "சீனன் வலை விரித்தான், இலங்கை விழுந்தது" என்று டெல்லி ஏடுகள் எழுதிக் குவித்தன. பாதி உண்மை. அந்தத் துறைமுகம் வேண்டும் என்று கேட்டது இலங்கை ஆட்சியாளரே. அது அதிபரின் சொந்த மாவட்டம். குத்தகைப் பணம் துறைமுகக் கடனை அடைக்கவும் போகவில்லை. அன்னியச் செலாவணி இருப்பை நிரப்பப் போயிற்று. 2022-ல் இலங்கை திவாலானபோது கழுத்தை நெரித்த கடன்களில் பெரும்பங்கு உலகச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்கள். வலை விரித்தவனைத் திட்டுவோம். கூடவே, குளத்தை விற்ற ஊர்த்தலைவனையும் மறவாதிருப்போம்.

டெல்லி ஏடுகளின் சீற்றம் எவ்வளவு தூய்மையானது என்பதற்கு இன்னொரு சான்று, நம் கரைக்கு எதிரேயே உள்ளது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. யாழ்ப்பாணத்தை அடுத்த மூன்று சிறு தீவுகள். அங்கே சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் பணி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது. தமிழகக் கரைக்கு இத்தனை அருகில் சீனனா என்ற அச்சம். ஆண்டு முடிவதற்குள் சீனம் விலகிக்கொண்டது. 2022 மார்ச்சில் அதே பணியை இந்தியா ஏற்றுக்கொண்டது. கடனாக அல்ல, கொடையாக! தீவுவாசிகள் இருளில் இருந்தது 2021-க்கு முன்பும்தான். அப்போதெல்லாம் வராத கொடை, சீனன் வந்ததும் வந்தது. விருப்பாட்சியில் எட்டு ஆண்டுகள் காத்திருந்த அரசி நினைவுக்கு வருகிறாரா?

சம்பூர் இன்னும் கசப்பானது. திருகோணமலைக்கு அருகே, 2006 போரில் விரட்டப்பட்ட தமிழரின் மண். அந்தப் பகுதியில் இந்திய அரசின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டன. ஊரார் முகாம்களில் கிடக்கையில் அவர்தம் ஊருக்குத் திட்டம்! மக்கள் எதிர்த்தனர். 2016-ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. புகை போய் ஒளி வந்தது நல்லதே. ஒளியும் இந்தியாவுக்கு வேண்டும், திருகோணமலைத் துறைமுகமும் அதன் கண்ணில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே எழுதி வைப்போம்.

எல்லாம் சூதுதானா என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்க்கு ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். போர் முடிந்தபின், 2010-ல், 50,000 வீடுகள் கட்டித் தர இந்தியா முன்வந்தது. 46,000 வடக்கிலும் கிழக்கிலும், 4,000 மலையகத்தில். 2009-ல் இந்தியா காத்த மௌனத்தால் தமிழகத்தில் எழுந்த கொதிப்பைத் தணிக்கவும் இது உதவும் என்று டெல்லி கணக்கிட்டிருக்கும். கணக்கு இருக்கட்டும். முதலில் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தக்காரரே கட்டினர். பிறகு முறை மாறிற்று. வடகிழக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய், கட்டுமானம் உயர உயரத் தவணை தவணையாக, அவர்தம் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. வாசல் எந்தத் திசை, அடுக்களை எங்கே என்பதைக் குடும்பமே முடிவு செய்தது. பொருள் விலை ஏறியதால் கடன்பட்டோரும் உண்டு. ஆயினும் அது அவர்கள் கட்டிய வீடு. கொடுத்தவனின் நோக்கம் 1964-ல் இருந்ததைவிடத் தூய்மையடைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. பணம் சேர்ந்த கை வேறு. அதனால் விளைவு வேறு.

2022-ன் பஞ்சத்தில் இன்னொன்று நடந்தது. டீசலுக்கும் மருந்துக்கும் இலங்கை தெருவில் நின்ற மாதங்களில், இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் துணையும் தந்தது; அவ்வாண்டு ஜனவரியிலேயே திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள் பற்றிய உடன்பாடும் கையெழுத்தாகியிருந்தது. தமிழ்நாட்டு அரசு தன் பங்குக்கு அனுப்ப விரும்பிற்று: 40,000 டன் அரிசி, 500 டன் பால்பொடி, 137 வகை மருந்துகள்; மொத்தம் 123 கோடி ரூபாய். முதலில் எண்ணியது, வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்க்கு அனுப்புவதை. இயல்பான எண்ணம். ஆனால் இலங்கைத் தமிழரிடமிருந்தே மறுமொழி வந்தது: தமிழர்க்கு மட்டும் வேண்டாம், பசித்த அனைவர்க்கும் அனுப்புங்கள். 2022 ஏப்ரல் 29-ல் சட்டமன்றம் அப்படியே தீர்மானம் நிறைவேற்றிற்று. மே மாதம் கப்பல் புறப்பட்டது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அரிசியின் எடை அல்ல. பெறுபவர் வாய் திறந்தார், கொடுப்பவர் கேட்டார். தமிழனுக்கு மட்டும் அரிசி வந்தால் பக்கத்து வீட்டுச் சிங்களவன் கண்ணில் அவன் என்னவாவான் என்பது, அங்கே வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். சென்னையில் உட்கார்ந்திருப்பவர்க்குத் தெரியாது. டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்க்கு இன்னும் தெரியாது.

அதே 2022-ல், செப்டம்பர் 14-ஆம் நாள், திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்க்கு 321 புது வீடுகளைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் திறந்து வைத்தார். 17 கோடி ரூபாய்க்குமேல் செலவு. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் ஒற்றையறைகளில் முப்பது ஆண்டுகளுக்குமேல் முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு அவை. ஓராண்டுக்கு முன்பே 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியிருந்தது. நல்ல வீடுகள், மழை ஒழுகாது.

தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோர் பலரின் முன்னோர் 1964-ல் எண்ணப்பட்டவர்கள்: மலையகத்திலிருந்து 1983 கலவரத்துக்குப் பின் தப்பி வந்த, இந்திய வம்சாவளித் தமிழர். இந்தியக் குடியுரிமை கேட்டு அத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்தம் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஆறு மாதம் கழித்து நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்க்குக் கதவு திறக்கும் சட்டம். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளின் பெயர் அதில் உண்டு. இலங்கையின் பெயர் இல்லை.

கிளிநொச்சியில் இந்தியக் கொடையால் வீடு கட்டிய குடும்பம், அந்நாட்டுக் குடிமக்கள். தேர்தல் வந்தால் வரிசையில் நிற்பார்கள். தோட்டனூத்தில் சாவி வாங்கிய குடும்பத்துப் பிள்ளை திண்டுக்கல்லில் பிறந்து, திண்டுக்கல் பள்ளியில் படித்து, அந்தக் கோட்டைக்கும் போய் யார் கட்டினார், யார் பிடித்தார் என்று ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கும். பதினெட்டு வயது நிரம்பியபின் அதன் பெயரை வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்காது.